கட்டாமல் ஓடிய மணிக்கூடு

அரியாலையில் கனகாம்பிகையின் அலுமாரிக்குள் கிடந்த தங்க மணிக்கூடு, அதைக் கட்டுகிற மனிதர் காணாமல் போய்ப் பதினாறு வருஷமாகியும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சாவி கொடுக்கிற மணிக்கூடென்றால் யாரோ களவாக முறுக்குகிறார்கள் என்று சொல்லலாம். பற்றரி போட்டதென்றால் பற்றரிக்காரனைப் புகழலாம். இது இரண்டும் இல்லை. கட்டியிருப்பவரின் கை ஆட ஆட உள்ளே பாதி நிலா வடிவில் ஒரு தகடு சுழன்று, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் பழைய சுவிஸ் சாமான். கழற்றி வைத்தால் மிஞ்சிப்போனால் நாற்பது மணித்தியாலம், அதோடு படுத்துவிடும். அரியாலையில் இந்த விபரமெல்லாம் மீன் விற்கிறவருக்கும் அத்துப்படி, ஏனென்றால் அத்தனை வருஷமும் ஊர் இதைப் பற்றித்தான் கதைத்தது.

மணிக்கூடு வந்த வழியும் ஊருக்குத் தெரியும். தொண்ணூற்று நான்கில் மானிப்பாய் மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த ஒரு வேதக்கார அப்போதிக்கரி குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்படும்போது விற்றதை, கனகாம்பிகையின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை வருங்கால மருமகனுக்கென்று வாங்கி வைத்தார். அப்போது மகளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பேசியிருக்கவில்லை. மணிக்கூட்டை வாங்கிவிட்டுத்தான் மனிசன் அதற்கு ஏற்ற கை தேடினார் என்று ஊரில் பகிடி. மூன்று வருஷம் தேடிக் கிடைத்த கை கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் அருளம்பலத்தினுடையது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. சீனி நிறுக்கும்போது தராசை அமுக்காத கை. அவர் அந்த மணிக்கூட்டைக் கலியாணவீட்டுக்கும் கோயில் தேருக்கும் மட்டும் கட்டுவார், மற்ற நாளில் வெல்வெட் துணியில் சுற்றி வைத்துவிடுவார். இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் ஒரு காலை, மண்ணெண்ணெய்க்கு வரிசை இல்லையாம் என்று யாரோ சொல்ல, எண்ணெய்க் கானைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. கானும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. கனகாம்பிகை ஏறாத கந்தோர் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே படிவத்தைக் கொடுத்தார்கள், அவளும் ஒரே விபரத்தை எழுதினாள்.

எட்டு மாதம் கழித்து அவள் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினாள். விற்க அல்ல, நிற்பாட்ட. ஆள் இல்லாத வீட்டில் அது டிக் டிக் என்று ஓடுவதை அவளால் தாங்க முடியவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த மணிக்கூடு திருத்துகிற நமசிவாயம் அதை வாங்கிக் காதில் வைத்தான்.

“இதை நிப்பாட்ட என்னட்டை ஏன் வந்தனீங்கள் அக்கா? கழட்டி வைச்சால் தானா நிக்கும். எத்தினை நாளாக் கட்டேல்லை?”

“எட்டு மாசம்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ.”

பின்மூடியைத் திறந்தான். உள்ளே அந்தப் பாதி நிலா, மேசையில் அசையாமல் கிடந்த மணிக்கூட்டுக்குள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. வீதியில் நடந்து போகிற ஒருவரின் கையைப்போல ஆறுதலான ஆட்டம். நமசிவாயம் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு மூடியைப் பூட்டித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். “அக்கா, உதை ஆரோ கட்டிக்கொண்டு திரியினம்,” என்றான். மணிக்கூட்டின் சொந்தக்காரர் யார் என்பதில் இருவருக்கும் ஐமிச்சம் இருக்கவில்லை. கனகாம்பிகை கடை வாசலிலேயே இருந்து அழுதாள், எட்டு மாதத்தில் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டுச் செல்வநாயகி செய்தியைக் கேட்டதும் முதலில் செய்த காரியம் குங்குமம் வாங்கியது. “உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆரும் பொட்டழிப்பினமோ? இஞ்சை வா நெத்தியைக் காட்டு,” என்றாள். அதுவரை கனகாம்பிகை பொட்டு வைப்பதா விடுவதா என்று தெரியாமல் திருநீறு மட்டும் பூசிக்கொண்டு திரிந்தாள். காணாமல் போனவர்களின் பெண்சாதிமார் அந்த நாட்களில் அப்படித்தான், நல்லதுக்கும் கூப்பிடாமல் கெட்டதுக்கும் கூப்பிடாமல், வேலிக்குமேல் நின்ற மாதிரி. மணிக்கூடு அவளை வேலியிலிருந்து இறக்கிவிட்டது. முதலில் சில பெண்கள் வந்து காதில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்குக்குச் சுமங்கலியாகக் கூப்பிட்டார்கள். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். நாள் போகப் போக, மற்றப் பெண்களின் புருஷன்மார் உயிரோடு இருப்பதற்கு அவர்களின் வாய்ச்சொல்தான் சாட்சி, இவளுக்கு மட்டும் தங்கத்தில் சாட்சி இருக்கிறது என்று அவளைத்தான் முதல் ஆளாகத் தேடினார்கள்.

அவளோ மணிக்கூட்டோடு குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டாள். காதில் வைத்து அந்த ஆட்டத்தைக் கேட்டே அவர் நடக்கிறாரா, உடுப்புத் தோய்க்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று சொல்லுவாள். ஆனால் ஒன்று அவளைக் குழப்பியது. காலை எட்டு மணிக்கு ஆட்டம் அடங்கிவிடும், பின்னேரம் நாலரைக்குத்தான் மறுபடி தொடங்கும். பிடித்து வைத்திருக்கிறவர்கள் இரவு முழுக்க வேலை வாங்குகிறார்கள் என்று மூன்று வருஷம் அழுதாள். நமசிவாயம்தான் ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “பகலிலை நித்திரை கொள்ளுற ஆள் எண்டால் கனடாப் பக்கம் போலை கிடக்கு,” என்றான். ஊர் இதை உடனே நம்பியது. எப்படியோ கப்பல் ஏறித் தப்பிவிட்டார், பயத்தில் தொடர்பு கொள்ளவில்லை, அவ்வளவுதான். கனகாம்பிகை ரொறன்ரோவில் இருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் அவருடைய படத்தை அனுப்பினாள். அவர்களும் தேடினார்கள், கடைகளில் அருளம்பலத்தைப் போன்ற முதுகுகளைக் கண்டு பின்னால் ஓடி மூன்றுபேர் ஏச்சு வாங்கினார்கள்.

அதே வருஷம், விளக்கு வைக்கிற நேரத்தில், புது ஆட்டம் ஒன்று வந்தது. ஒரே சீரான ஆட்டம், முக்கால் மணித்தியாலம், நாளாந்தம். பிள்ளை பெற்ற எவளுக்கும் அதைத் தெரியும். சேலையில் கட்டிய ஏணையை ஆட்டுகிற கை அது. ஆக, மனிசன் அங்கே இன்னொருத்தியைக் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்! கனகாம்பிகை ஒரு மாதம் மணிக்கூட்டோடு கதைக்கவில்லை. அலுமாரியைத் திறக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பினாள். செல்வநாயகி வாய்க்கு வந்தபடி அருளம்பலத்தைத் திட்டினாள். பிறகு ஒரு பின்னேரம் கனகாம்பிகையே மணிக்கூட்டை எடுத்துத் துடைத்து, “இருக்கட்டும். ஆரோடையாவது இருக்கட்டும். உயிரோடை இருந்தால் எனக்குக் காணும்,” என்றாள். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. புருஷன் செத்தால்தான் பொட்டுப் போகும். இன்னொருத்தியோடு போனால் போகாது. அது ஊர்ச் சட்டம்.

மகள் தயாளினிக்கு இருபத்தைந்து வயதானபோது நோர்வே மாப்பிள்ளை ஒன்று பொருந்தியது. மாப்பிள்ளையின் தாய் சாதகத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், பிறகு மணிக்கூட்டைக் கேட்டாள். காதில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு, “சம்பந்தியார் சுகமா இருக்கிறார்,” என்று பலகாரத்தில் கை வைத்தாள். கோயில் ஐயரும் இறங்கி வந்தார். தாரை வார்க்கும்போது தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் மணிக்கூட்டை வெற்றிலைத் தட்டில் வைக்கலாம், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்றார். ஆவணியில் நாள் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மூன்று கிழமைதான் லீவு. தயாளினி வேறு ஒன்றும் கேட்கவில்லை. “அப்பா வராட்டிலும் பரவாயில்லை அம்மா. நீங்கள் பொட்டோடை எனக்குப் பக்கத்திலை நிக்கவேணும்,” என்று மட்டும் சொன்னாள். ஒன்பது வயதில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை கேட்கிற ஒரே சீதனம் அது என்று கனகாம்பிகை நினைத்தாள்.

ஆனியில் அவள் மணிக்கூட்டுக்குப் புது வார் போட நமசிவாயத்திடம் போனாள். ஆட்டம் ஒரு வருஷமாகவே மெலிந்திருந்தது. நாளுக்கு நாலு தரம், ஐந்து தரம், ஆறுதலாக. நமசிவாயம் வாரைப் போட்டுவிட்டுப் பின்மூடியில் இருந்த இலக்கத்தைத் தன் கைபேசியோடு ஒத்துப் பார்த்தான். பழைய தங்க மணிக்கூடுகளைச் சேர்க்கிற கனடாக்காரர் ஒருவர் இந்த இலக்கத்தைத் தேடி யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கெல்லாம் எழுதியிருந்தார். பெட்டியும் வாங்கின பத்திரமும் அவரிடம் இருக்கிறதாம், மணிக்கூடுதான் இல்லையாம். சேர்க்கிறவர்களுக்கு அது மூன்றும் சேர்ந்தால்தான் நித்திரை வரும். பதினைந்து நாளில் அவர் அரியாலைக்கு வந்து இறங்கினார். பெயர் ஜொனதன், மானிப்பாய் அப்போதிக்கரி வில்லியத்தின் மகன், ஐம்பத்தைந்து வயது, பேச்சில் இன்னும் மானிப்பாய் இருந்தது.

“அப்பா சிங்கப்பூரிலை வாங்கினவர், தங்கச்சி. முப்பத்திரண்டு வருஷம் கட்டினவர். கனடாவிலை வேறை மணிக்கூடு வாங்கிக் குடுத்தால் கட்டமாட்டார். கையிலை ஏதோ கிடக்கிற மாதிரித்தான் இருக்கெண்டு வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு இருப்பார்,” என்றார். தேநீரைக் குடித்தபடியே தகப்பனைப் பற்றி மேலும் சொன்னார். பிந்திப் பிறந்த தன் மகளை அந்தக் கிழவன்தான் வளர்த்தவராம். காலை ஒன்பது மணிக்கு வலக்கையில் பேப்பரை வைத்துக்கொண்டு இடக்கையால் ஏணை ஆட்டுவாராம், முக்கால் மணித்தியாலம்.

கனகாம்பிகை தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். ரொறன்ரோவில் காலை ஒன்பதென்றால் அரியாலையில் விளக்கு வைக்கிற நேரம். அவளுக்கு அப்போதுதான் மற்றதும் உறைத்தது. அருளம்பலம் இருந்த காலத்திலும், மாதக்கணக்கில் வெல்வெட்டில் கிடந்த மணிக்கூட்டை எடுத்தால் நேரம் சரியாகத்தான் இருந்தது. அவர் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை. சுவிஸ்காரன் சுவிஸ்காரன்தான் என்று இருவருமாக மெச்சினார்கள். அப்போதே யோசித்திருந்தால் இந்தப் பதினாறு வருஷம் வந்திருக்காது.

“உங்கடை அப்பா இப்ப உயிரோடையோ அண்ணை?”

“ஓம், தொண்ணூற்றாறு வயது. படுக்கையிலை.”

மணிக்கூட்டை ஓட்டுவது அந்தக் கிழவனின் கைதான் என்று அவள் சொன்னதை ஜொனதன் நம்பவில்லை. நம்பாமலேதான் மனைவி ரஞ்சினியை அழைத்தார். அங்கே காலை ஏழரை, அவள் முதியோர் இல்லத்தில் மாமனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். இடக்கையை ஒருக்கால் தூக்கி ஆட்டச் சொன்னார். மேசையில் பின்மூடி திறந்து கிடந்த மணிக்கூட்டுக்குள் தகடு ஆடியது. விடச் சொன்னார், நின்றது. மூன்று தரம் பார்த்தார்கள். கைபேசியின் கண்ணாடியில் வெள்ளைத் தலையும் எலும்பும் தோலுமான ஒரு கையும் தெரிந்தன. தான் இவ்வளவு காலமும் கோபித்து, மன்னித்து, விடிய எழும்பி நலம் விசாரித்த கை அதுதான் என்று கனகாம்பிகைக்கு விளங்கியது. அருளம்பலத்தைப் பற்றி அவளிடம் இருந்த ஒரேயொரு தகவலும் அந்தப் பின்னேரத்தோடு இல்லாமல் போனது. 

ஜொனதன் மணிக்கூட்டுக்கு என்ன கேட்டாலும் தரத் தயாராக இருந்தார். அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள். கலியாணம் முடிய வந்து சும்மா கொண்டுபோகலாம், ஆனால் அதுவரை ஐயாவின் கை ஆடவேண்டும். இப்போது நின்றால் ஊர் அருளம்பலத்தைச் சாகவைக்கும், வீடு முப்பத்தொரு நாள் துடக்கில் கிடக்கும், கலியாணம் நடக்காது, மாப்பிள்ளையின் லீவு முடியும், மாப்பிள்ளையின் தாய் அடுத்த சாதகத்தை எடுப்பாள். “வைத்தியர் ஒரு மாசம் எண்டுதான் சொல்லியிருக்கினம் தங்கச்சி,” என்றார் ஜொனதன். “நீங்கள் ஆட்டுங்கோ அண்ணை. மிச்சத்தை நான் பிள்ளையாரிட்டைக் கேக்கிறன்,” என்றாள் அவள். திரும்பிப் போனவர் சொன்னபடி செய்தார். அன்றாடம் காலையும் மாலையும் கிழவனின் இடக்கையைப் பிடித்து நூறுதரம் ஆட்டினார். இல்லத்துத் தாதிமார் அதை உடற்பயிற்சி என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

வில்லியம் வைத்தியரை மீறி ஏழு கிழமை இழுத்தார். கலியாணம் வெள்ளிக்கிழமை, அவர் திங்கட்கிழமை செத்தார். பந்தல் போட ஆட்கள் வந்திருந்த நேரத்தில் ஜொனதனின் அழைப்பு வந்தது. கனகாம்பிகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டிய இடத்தில், நாற்பது மணித்தியாலத்தை எண்ணினாள். செவ்வாய் நடுச்சாமத்தோடு சரி. வெட்கமாக இருந்தாலும் கேட்டாள்.

“அண்ணை, கையை இன்னும் தொடலாமோ?”

சவச்சாலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மறுபக்கத்தில் அவர் யாரையோ கேட்டார். பிறகு, “பாப்பம் தங்கச்சி,” என்றார்.

இங்கே செவ்வாய் பின்னேரம், அங்கே காலை. சவச்சாலையில், பதப்படுத்திப் படுக்கவைத்த தகப்பனுக்குப் பக்கத்தில் ஜொனதன் கதிரையைப் போட்டு இருந்தார். கை விறைத்திருந்தது, தோளோடு சேர்த்துத்தான் ஆட்டவேண்டியிருந்தது. வந்த சொந்தக்காரர் துக்கம் தலைக்கேறிவிட்டது என்று அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். அரியாலையில் கனகாம்பிகை மணிக்கூட்டைக் காதில் வைத்திருந்தாள். பதினாறு வருஷமாக எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டது, ஒரு வித்தியாசமும் இல்லை. “ஓடுது அண்ணை,” என்றாள், சொல்லிவிட்டு அப்படியே கட்டிலில் இருந்தாள். அப்படியென்றால் இந்தச் சாமானுக்கு உயிர் தேவையில்லை. ஆட்டம் மட்டும்தான் தேவை. இது அருளம்பலத்தின் கையாகவே இருந்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? தண்ணீருக்குள் கிடக்கிற கையும் ஆடும். அவளுக்கு அழுகை வரவில்லை. வெளியே பந்தல்காரன் வாழைக்குலையை எங்கே கட்டுவது என்று கேட்டான், அவள் எழும்பிப் போய் இடம் காட்டினாள்.

ஜொனதன் புதனும் வியாழனும் போய் ஆட்டினார், வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஐயர் தட்டிலிருந்த மணிக்கூட்டைக் குனிந்து பார்த்தார், ஓடியது. கூறைச்சேலை உடுத்த மகளுக்குப் பக்கத்தில் கனகாம்பிகை பெரிய பொட்டோடு நின்று தண்ணீர் வார்த்தாள். தயாளினி தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அப்பா,” என்று ஒரு சொல் சொன்னாள். ரொறன்ரோவில் பெட்டிக்குள் கிடந்த வில்லியம்தான் அந்த நிமிஷம் அவளுக்குத் தகப்பன். மேளக்காரர் கெட்டிமேளம் அடித்தார்கள், எல்லோரும் அட்சதை போட்டார்கள். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்த கனகாம்பிகை, அவளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை அங்கே அடக்கம். பெட்டியைத் தூக்கிய குலுக்கலுக்குத் தகடு ஒருதரம் சுற்றியது. அதற்குப் பிறகு ஆட்டம் வரவில்லை, முறுக்கியிருந்தது தீரத் தீர ஓடி, திங்கட்கிழமை மத்தியானம் மணிக்கூடு நின்றது. தயாளினி அப்போது மாப்பிள்ளை வீட்டில் விருந்தில் இருந்தாள். செல்வநாயகி கண்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். தெருவே வந்தது, அருளம்பலத்துக்கு ஒப்பாரி வைத்தது. கனகாம்பிகை எல்லோரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். ஊர் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தது. அவள் பொன் உருக்கப் போன கலியாணங்களைத் திருப்பி எண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்துமூன்று, அதில் மற்றக் கலியாணங்களில் நடக்காத கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். தயாளினிக்கு மட்டும் யாரும் சொல்லக்கூடாது என்று செல்வநாயகி எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். அருளம்பலத்துக்காக எடுத்த அழுகையை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

ஜொனதன் மணிக்கூட்டை எடுக்க வந்தபோது வில்லியம் செத்து முப்பத்தொரு நாள். அவருக்குக் கிரியை செய்யத் தன்னோடு கீரிமலைக் கடற்கரைக்கு வரமுடியுமா என்று கனகாம்பிகை கேட்டாள். “அங்கை ஜெபம் பண்ணிப் பூ வைச்சதோடை சரி. நீங்கள் செய்யுங்கோ,” என்றார் அவர். இருவரும் பஸ்ஸில் போனார்கள். செய்ய ஆண்பிள்ளை இல்லாத வீடுகள் பெருகியபிறகு கீரிமலையில் ஐயர்மார் பெண்களை மறிப்பதில்லை. ஜொனதன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். அவர் மணிக்கட்டில் அந்த மணிக்கூடு மற்ற எந்த மணிக்கூட்டையும்போல ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் செத்தவரின் பெயரைக் கேட்டார்.

“வில்லியம்.”

ஐயர் தலையை நிமிர்த்தவில்லை. கோத்திரம் தெரியாதென்றால் சிவகோத்திரம் என்று சொல்லலாம் என்றார். “உங்களுக்கு என்ன முறை?”

கனகாம்பிகை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பதினாறு வருஷம் நான் அவரோடைதான் குடும்பம் நடத்தினனான் ஐயா,” என்றாள். கொட்டகைக்குள் எல்லோரும் கேட்க, வில்லியம் செத்தபோது வராத அழுகை வந்தது. ஐயர் அது முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு கணவர் என்று சொல்லி மந்திரத்தைத் தொடங்கி, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். அவள் விட்டாள். நெற்றிப் பொட்டை அழிக்கும்படி ஐயரும் சொல்லவில்லை, அவளும் அழிக்கவில்லை, ஏனென்றால் அருளம்பலத்தைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் வரவில்லை.